அக்காவின் செல்கள்

ஓய்வு பெற்ற பின்னும் நான் இந்தக் கூடத்துக்கு வரும்போதெல்லாம், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "மேடம், செல்கள் செத்துப்போனால் என்ன செய்வது?" செத்துப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வளர்க்க வேண்டியதுதான். எல்லோர் கையிலும் சாகும், என் கையிலும் ஏராளமாகச் செத்திருக்கின்றன. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. நன்றாக உயிரோடு இருந்துகொண்டு, நாம் எதிர்பார்த்ததை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்யும் செல்கள் சில சமயம் வரும். அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். அப்படி நான் உட்கார நேர்ந்த ஒரு சம்பவத்தை உங்களுக்குச் சொல்கிறேன். செல் வளர்க்கும் முறைகளை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை உங்கள் சீனியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

அப்போது நம் ஆய்வுக்கூடம் இப்போதிருக்கும் கட்டடத்தில் இல்லை. ஓசூர் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்புக்கும் பெயின்ட் கிடங்குக்கும் நடுவில் இருந்தது. பக்கத்து பிரஸ் ஷாப்பில் புது மெஷின் இறக்கிய வாரம், நம் தட்டுகளில் செல்கள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிப்போயின. ஒரு ஆராய்ச்சி மாணவர் அதை நோயின் குணம் என்று கட்டுரை எழுதவே தொடங்கிவிட்டார். மெஷினின் அதிர்வு, தட்டுகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரை ஆட்டிக்கொண்டிருந்தது என்று கண்டுபிடித்து, அடியில் கனமான ரப்பர் போட்ட பிறகு நோய் குணமாகிவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம். தட்டில் எது விசித்திரமாகத் தெரிந்தாலும் முதலில் நம்மைச் சந்தேகப்படுவோம், நம் மின்சாரத்தை, நம் மருந்தை, நம் கையை. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கமே எங்களை ஒரு தடவை தவறான பக்கம் தள்ளப் பார்த்தது.

ஜாகிரை நான் முதலில் பார்த்தது வலது கையில் தடிமனான கட்டோடு. கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சி.என்.சி. ஆபரேட்டர். இரும்புப் பிசிறு உள்ளங்கையைக் கீறிவிட்டது. மற்றவர்களுக்கு என்றால் பஞ்சு வைத்து அழுத்திவிட்டு அடுத்த ஜாப்பை மாட்டும் அளவுக்கான காயம். இவனுக்குக் காலை டீ இடைவேளையில் தொடங்கிய ரத்தம் மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் நிற்கவில்லை. கம்பெனி மருத்துவர் விசாரித்தபோதுதான் பழைய கதை வெளியே வந்தது. சின்ன வயதிலிருந்து மூக்கில் ரத்தம் வரும், பல் விளக்கினால் வரும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தட்டணுக்களை அழிக்கிறது என்று சொல்லி, வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். முகம் ஊதியதுதான் மிச்சம், எண்ணிக்கை ஏறவில்லை. இது பிறவிக் கோளாறாக இருக்கலாமோ என்று சந்தேகப்பட்ட அந்த மருத்துவர் அவனை எங்களிடம் அனுப்பினார்.

தட்டணு என்பது ரத்தம் உறைய உதவும் சின்னஞ்சிறு துணுக்கு. வெளியே எல்லோரும் பிளேட்லெட் என்பார்கள். சிலருக்கு அது பிறவியிலேயே குறைவாக இருக்கும், சிலருக்கு இருந்தும் வேலை செய்யாது. காரணம் தேடி ஒருவருடைய எலும்பு மஜ்ஜையைத் திரும்பத் திரும்பக் குத்திப் பார்க்க முடியாது. அதனால்தான் கொஞ்சம் ரத்தம் வாங்கி, அதிலுள்ள செல்களைப் பின்னோக்கித் திருப்பி, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் ஆக்குகிறோம். பிறகு அவற்றை முன்னோக்கி நடத்தி, தட்டணுக்களை உதிர்க்கும் பெரிய தாய்ச்செல்களாக வளர்க்கிறோம். அந்த ஆளின் உடம்பில் எந்த இடத்தில் வேலை தடைபடுகிறதோ, பெரும்பாலும் அதே இடத்தில் நம் தட்டிலும் தடைபடும்.

இதை நான் விளக்கியபோது ஜாகிர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் ரத்தத்துல இருந்து இன்னொரு ஜாகிரே செஞ்சிருவீங்களா மேடம்?" என்றான்.

"உன் பிளேட்லெட்டை மட்டும்தான் செய்வோம்."

"அது போதும் மேடம். நான் ஒருத்தன் இருக்கறதே எங்கத்தாவுக்கு ஜாஸ்தி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அக்கா ரெஹானா அவன் தோளில் ஒரு தட்டு தட்டினாள். ஓசூரிலேயே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்ப்ளி வேலை. கணவனுக்கும் இங்கேதான் வேலை, ஒரு சின்னப் பெண் குழந்தை. அவர்களுடைய அத்தா, அதாவது அப்பா, காசிம் பாய் கெலமங்கலம் சந்தையில் தக்காளி வியாபாரம் செய்பவர். அம்மா இவர்கள் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். எதனால் என்று கேட்டதற்கு, "ரத்தமில்லாம போயிட்டாங்கன்னு சொல்வாங்க" என்றாள் ரெஹானா. அந்தக் காலத்தில் அதற்குமேல் யாரும் பரிசோதிக்கவில்லை.

நோயாளியின் செல்களை ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒரு உடன்பிறப்பின் செல்களையும் சேர்த்து வளர்ப்பது நம் வழக்கம். அதை நாம் கன்ட்ரோல் என்கிறோம். ரெஹானாவின் தட்டணு எண்ணிக்கை கீழ்க்கோட்டை ஒட்டினாற்போல இருந்தது, ஆனால் கோட்டுக்கு மேலேதான். மூக்கில் ரத்தம் வந்ததில்லை. பிரசவம்கூடச் சுகமாகவே நடந்திருந்தது. அவளையே கன்ட்ரோலாக எடுத்துக்கொண்டோம். ரத்தம் எடுக்கும் முன்னால் நாங்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டேன். "ஆராய்ச்சியில உன் உடம்பைப் பத்தி ஏதாவது தெரிய வந்தா உனக்குச் சொல்லட்டுமா, வேண்டாமா?"

"சொல்லுங்க மேடம். எனக்கென்ன இருக்கப்போவுது" என்றாள்.

மாதங்கள் போயின. ஜாகிரின் செல்கள் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டன. ஸ்டெம் செல்லாக இருக்கும்வரை செழிப்பாக வளரும், தாய்ச்செல்லாக மாற வேண்டிய கட்டத்தில் பாதிக்கு மேல் நின்றுவிடும். ஆச்சரியம் என்னவென்றால், ரெஹானாவின் செல்களும் அதே இடத்தில் நின்றன.

அப்போது என்னோடு வேலை செய்தவள் சவிதா. ஆனேக்கல்லிலிருந்து தினமும் வருவாள். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள், கை மிகச் சுத்தம். அவள்தான் தட்டுகளைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "மேடம், அக்கா லைன் சரியில்ல. க்ளோன் கெட்டுப்போயிருக்குது. தூக்கிட்டு வேற ஆளை கன்ட்ரோலா போட்டுக்கலாம்."

ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டத்தைத்தான் க்ளோன் என்போம். அவள் சொன்னதில் தவறில்லை. அப்படிச் செய்வதுதான் வழக்கம். ஒரு மெஷின் அதிர்வையே நோய் என்று நம்பப் பார்த்த கூடம் எங்களுடையது. பத்துக்கு ஒன்பது முறை அந்த முடிவு சரியாகவே இருக்கும். எனக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். கெட்டுப்போன செல் கண்டபடி கெட்டுப்போகும். இது தம்பியின் செல் நிற்கும் அதே படியில் போய் நிற்கிறது. கெட்டுப்போவதற்கு அவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது?

"தூக்க வேண்டாம்" என்றேன். "ரெஹானாவுடைய வேற ரெண்டு க்ளோன் ஃப்ரீசர்ல இருக்குதில்ல, அதையும் எடு. சம்பந்தமே இல்லாத வேற ஒருத்தர் செல்லையும் பக்கத்துல வை. எல்லாத்தையும் ஒண்ணா நடத்திப் பாப்போம்."

அந்தத் தட்டுகள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஜாகிருக்குத் தொடர்ந்து காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். பிறகு பெங்களூரில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். ரத்தப்புற்று. அவனைப் போய்ப் பார்த்தபோது தலை மொட்டையாக இருந்தது, பேச்சு மட்டும் பழைய மாதிரி. முதல் கட்ட மருந்துகளில் நோய் அடங்கியிருந்தது. ஆனால் அது அதிக நாள் அடங்கியிருக்காது, அதற்குள் வேறொருவருடைய எலும்பு மஜ்ஜை செல்களை அவனுக்கு மாற்றிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"கவலைப்படாதீங்க மேடம். எங்கக்காவோடது எனக்கு முழுசா மேட்ச் ஆயிருச்சி. இப்பிடி மேட்ச் ஆவறது அபூர்வமாம்" என்றான்.

ரெஹானா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு சோர்விலும் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. "ஒரு மாசமா முட்டையும் பேரீச்சம்பழமுமா தின்னுக்கினு இருக்கேன் மேடம். இவனுக்கு நல்ல ரத்தமா போவணுமில்ல" என்றாள்.

நான் வாழ்த்திவிட்டு வந்தேன். பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டும்போது ரெஹானாவின் தட்டுகள் நினைவுக்கு வந்தன. ரத்தம் உண்டாவதை மேற்பார்வை பார்க்கும் ஒரு மரபணு இருக்கிறது. அதில் பிறவிப் பிழை உள்ளவர்களுக்குத் தட்டணு குறையும், அவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் ரத்தப்புற்று வரும். தட்டணு ஏறத்தாழச் சரியாகவே இருந்து, பிழையை மட்டும் சுமப்பவர்களும் உண்டு. ஜாகிரின் மரபணு வாசிப்பு மற்ற நோயாளிகளோடு சேர்ந்து வரிசையில் காத்திருந்தது. மருத்துவமனைக்கு அவனுடைய தட்டணுக் குறைவு என்பது பழைய சீட்டுகளில் எழுதியிருந்த எதிர்ப்பு சக்திக் கோளாறுதான். அக்காவைச் சந்தேகப்பட அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. எனக்கு இருந்தது.

மறுநாள் அந்த ஒரு மரபணுவை மட்டும் இருவரிலும் படிக்க ஏற்பாடு செய்தேன். படித்து முடிப்பதற்குள் தட்டுகளும் முடிந்திருந்தன. வெளியாளின் செல்கள் தாராளமாகத் தாய்ச்செல்களாக மாறியிருந்தன. ரெஹானாவின் மூன்று க்ளோன்களும் ஒரே படியில் நின்றிருந்தன. மரபணுவில் ஜாகிருக்கு ஓர் எழுத்து மாறியிருந்தது. அதே எழுத்து ரெஹானாவுக்கும் மாறியிருந்தது.

சவிதா இரண்டு வாசிப்புகளையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு நான் அஞ்சிய கேள்வியையே கேட்டாள்.

"நாம தப்பா இருந்தா ஏனு மாடோது, என்ன பண்றது மேடம்? இந்த எழுத்து மாறினதை இதுவரைக்கும் எங்கயும் யாரும் பாக்கல. சும்மா இருக்கற மாத்தமா கூட இருக்கலாம். நம்ம ரிசல்ட்டை வெச்சு ஒருத்தருக்கும் மாத்திரைகூட மாத்தக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க? நாம ஒரு வார்த்தை சொல்லி ஆபரேஷன் நின்னு, அதுக்குள்ள அந்தண்ணாவுக்கு நோய் திரும்பிட்டா?"

அவள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. முழுமையாகப் பொருந்திய ஒரு கொடையாளியைத் தடுத்து நிறுத்துவது விளையாட்டில்லை. இன்னொரு பக்கம், பிழையுள்ள செல்களையே அவனுக்குள் ஏற்றினால், இத்தனை வேதனையும் பட்டு முடித்தபின் அவன் மறுபடி அதே நோயின் வாசலில் நிற்பான். செல்கள் சரியாகப் பிடிக்காமலே போகவும் கூடும். எது நடந்தாலும், எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது மாறாது.

யாரிடம் முதலில் சொல்வது என்பது அடுத்த கேள்வி. போனை எடுத்து மருத்துவரிடம் சொல்லிவிடத்தான் கை போனது. பாதியில் நிறுத்தினேன். ஜாகிரின் மருத்துவர் அவர். ஆனால் இந்தச் செய்தி ரெஹானாவின் உடம்பைப் பற்றியது. அவளுக்குத் தெரியும் முன்னால் அதை இன்னொருவரிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை? இளையவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்பது நம்மை நேராக அதிகாரம் உள்ளவரிடம்தான் ஓடச் சொல்லும். செய்தி யாருடையது என்று அது யோசிக்காது.

அடுத்த திங்கட்கிழமை ரெஹானாவுக்கு, மஜ்ஜை செல்களை ரத்தத்துக்கு வரவழைக்கும் ஊசிகள் தொடங்குவதாக இருந்தது. அவளுடைய ஷிஃப்ட் முடியும் மதிய நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த பேக்கரியில் போய்க் காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தாள். கைப்பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்து, "சாப்பிடுங்க மேடம்" என்று நீட்டினாள்.

அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். சுற்றிவளைக்கவில்லை. அவள் செல்களும் தம்பியின் செல்கள் மாதிரியே நடந்துகொள்கின்றன, அவனுக்கு உள்ள மரபணு மாற்றம் அவளுக்கும் இருக்கிறது, அது பிழைதான் என்று அடித்துச் சொல்ல எங்களால் முடியாது, ஆனால் சந்தேகம் பலமாக இருக்கிறது என்றேன்.

அவள் முதலில் தம்பியைப் பற்றித்தான் கேட்டாள். "அப்ப என் ரத்தம் அவனுக்கு ஆவாதா?"

"ஆகாதுன்னு நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில முறையா டெஸ்ட் பண்ணித்தான் முடிவு பண்ணணும்."

பேக்கரிக்காரர் கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டியது. கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அவள் ஏறவேண்டிய பஸ்ஸும் போனது. அதைப் பார்த்துக்கொண்டே, "அப்ப எனக்கும் அது வருமா?" என்றாள்.

"வரலாம். வராமலும் போகலாம். இந்தப் பிழை இருக்கிறவங்க எல்லாருக்கும் வர்றதில்லை. கவனமா பாத்துக்கிட்டே இருக்கணும்."

"என் பொண்ணுக்கு?"

பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள் முகத்தில் கோபம் ஏறியது. "அக்காவோடது ஆவாது, வேற ஆள் பாருங்கன்னு மட்டும் அங்க சொல்லியிருக்கலாமே மேடம். என்கிட்ட வந்து எதுக்கு எல்லாத்தையும் கொட்டறீங்க? நான் நல்லாத்தானே இருந்தேன்."

'நீதான் சொல்லச் சொன்னாய்' என்று அவளுக்கு ஞாபகப்படுத்தியிருக்கலாம். அது என்னைக் காப்பாற்றும் பதிலே தவிர அவளுக்கு உதவும் பதில் அல்ல. சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் தன் போனை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"டாக்டரம்மாவுக்கு நானே பேசறேன். நீங்க பக்கத்துல இருங்க. எனக்குப் புரியாததை நீங்க சொல்லுங்க."

மாற்று சிகிச்சை செய்யவிருந்த அந்த மருத்துவர் என்னைவிட வயதில் மிகவும் சிறியவர். அதுவரை நான் அவரிடம் பேசியதில்லை. இந்தத் தொழிலில் எனக்கு யார் குரு என்று கேட்டால், பத்து நிமிடம் போனில் பேசிய அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் சொல்வேன். ரெஹானா சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு என்னிடம் எப்படிப் பார்த்தீர்கள், எத்தனை க்ளோன், வெளியாள் செல்கள் எப்படி நடந்துகொண்டன என்று கேட்டார். நான் சொல்லி முடித்து, "இது ஆராய்ச்சிக் கூடத்து உறுதிதாங்க. மருத்துவ உறுதின்னு நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் உடனே சொன்னார். "நிறுத்தி வைக்க இது போதும் மேடம். ஆளை மாத்தறதுக்குப் போதாது. ஊசியை நிறுத்தறேன். ஜாகிருக்கு இன்னொரு சுற்று மருந்து கொடுத்து நோயை அடக்கி வெச்சுக்கறேன். ரெஹானா, நீங்க நாளைக்குக் காலையில வாங்க, எங்க லேப்ல புதுசா ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பறோம். உங்க அத்தாவையும் கூட்டிட்டு வாங்க."

நானும் சவிதாவும் நாள் முழுக்க 'சரியா, தப்பா' என்று உழன்றுகொண்டிருந்தோம். அவர் அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துவிட்டார். ஒரு காரியத்தை நிறுத்திவைக்க எவ்வளவு ஆதாரம் தேவை, வேறொன்றைச் செய்ய எவ்வளவு ஆதாரம் தேவை? இரண்டுக்கும் அளவு வேறு. பிற்பாடு எத்தனையோ நெருக்கடிகளில் இந்த ஒரு பிரிவினை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

காத்திருந்த நாட்கள் சுலபமாக இல்லை. கூடுதல் சுற்று மருந்தில் ஜாகிரின் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் குடிக்கவே சிரமப்பட்டான். சவிதா ஒவ்வொரு காலையும் வந்ததும், "ஏதாச்சும் தெரிஞ்சுதா மேடம்?" என்பாள். நாங்கள் தவறாக இருந்தால் அவன் இந்த வேதனையை எங்களால்தான் படுகிறான். அந்த எண்ணத்தோடுதான் நானும் தட்டுகளைப் பார்த்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ரெஹானா என்னிடம் பேசவில்லை. போன் செய்தால் எடுப்பாள், "ஒண்ணும் வரலீங்க" என்று வைத்துவிடுவாள்.

முடிவு வந்தபோது மருத்துவரே கூப்பிட்டார். மருத்துவமனையின் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. ஜாகிருக்கும் ரெஹானாவுக்கும் அந்த மாற்றம் இருந்தது. காசிம் பாய்க்கு இல்லை. அது அம்மா வழியில் வந்திருக்க வேண்டும். 'ரத்தமில்லாமல்' இறந்துபோன அந்த அம்மாவுக்கு என்ன வந்திருக்கும் என்று அப்போதுதான் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் புரிந்தது. மரபணு நிபுணர்களும் எங்கள் தட்டுகளின் முடிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அந்த எழுத்து மாற்றம் சும்மா இருப்பதல்ல, பிழைதான் என்று முடிவானது.

இனி கொடையாளி யார்? காசிம் பாயை முன்பே சோதித்து ஒதுக்கிவைத்திருந்தார்கள். பிள்ளைக்கும் தகப்பனுக்கும் பாதிதானே பொருந்தும். முழுசாகப் பொருந்திய அக்கா இருக்கும்போது பாதி பொருந்தியவரை யார் பார்ப்பார்கள்? அவரை மருத்துவர் கூப்பிட்டுப் பேசியபோது நானும் அந்த அறையில் இருந்தேன். சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார். நெடுநெடுவென்ற உயரம், குரல் மட்டும் தணிந்து வந்தது.

"எனக்கு வயசாயிருச்சிம்மா. பாதிதான் ஒத்துப்போவுதுன்னு வேற சொன்னாங்க. பாதி போதுமா?"

"இப்ப பாதியை வெச்சே பண்றோம் பாய். கொஞ்சம் கூடுதலா ஜாக்கிரதையா இருக்கணும். உங்களோட பாதி சுத்தமான பாதி."

அவர் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினார். "இப்பவே இல்ல பாய்" என்று மருத்துவர் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. மடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இருவரும் மாறி மாறிக் கஷ்டப்பட்டபோது, வாசலில் நின்று சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொடுப்பதைத் தவிர தனக்கு வேலையில்லை என்று நினைத்திருந்த மனிதர் அவர்.

மாற்று சிகிச்சை நடந்தது. அதை நான் நேரில் பார்க்கவில்லை. புதிய செல்கள் பிடிக்கும்வரை ஜாகிருக்குக் காய்ச்சல் வந்து வந்து போனது, ஒரு கட்டத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு நாள் காலை சவிதா கூடத்துக்குள் வரும்போதே கையில் போனை உயர்த்திக்கொண்டு வந்தாள். ரெஹானா அவளுக்கு அனுப்பிய செய்தி. தம்பியின் வெள்ளணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன என்று இருந்தது, அத்தாவின் செல்கள் பிடித்துக்கொண்டன என்று அதற்கு அர்த்தம். அந்தச் செய்தியை அவள் எனக்கு அனுப்பவில்லை. எனக்கு அது வருத்தமாக இல்லை என்று சொன்னால் பொய்.

பல மாதங்கள் கழித்து ரெஹானாவே கூடத்துக்கு வந்தாள். அவளையும் இப்போது அதே மருத்துவர்தான் கவனித்துக்கொள்கிறார், குறித்த இடைவெளியில் ரத்தம் பார்க்கிறார். எல்லாம் நிலையாக இருக்கிறது என்றாள். கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லையாம். மகளுக்கு ரத்த எண்ணிக்கை மட்டும் வருடத்துக்கு ஒரு முறை பார்க்கிறார்கள். மரபணுவைப் பார்க்கவில்லை. "அவ பெரியவளாவட்டும் மேடம். அவளே கேட்டா பாத்துக்கலாம். என்னை மாதிரி அவகிட்டயும் யாராச்சும் கேக்கணுமில்ல, சொல்லட்டுமா வேண்டாமான்னு" என்றாள். பிறகு மைக்ராஸ்கோப்பைக் காட்டி, "என்னுது இன்னும் உள்ள இருக்குதா?" என்றாள். சவிதா ஒரு தட்டை எடுத்து வைத்துக் காட்டினாள். ரெஹானா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "சும்மா நொய்யரிசி சிந்தினாப்ல இருக்குது" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பார்த்தாள். நாங்கள் அன்று மறுபடி பேசத் தொடங்கினோம்.

நான் ஓய்வு பெறும்வரை அந்த இரண்டு பேருடைய செல்களும் நம் கூடத்தில் வேலை செய்தன. இப்போது நீங்கள் மருந்துகளைச் சோதிக்கப் பயன்படுத்துவது அந்த வரிசையிலிருந்து வந்தவைதான். தடைபட்ட படியைத் தாண்டவைக்கும் மருந்து ஒன்று என்றாவது உங்கள் தட்டில் அகப்படலாம். அகப்படாமலும் போகலாம். செல்கள் இருக்கும் குழாயைக் கையில் எடுக்கும்போது, இதற்கு ஒரு வீடும் பஸ்ஸும் ஷிஃப்டும் உண்டு என்று ஒரு நொடி நினைத்துக்கொண்டு எடுங்கள். உங்களிடம் நான் கேட்பது இதுதான்.

ஜாகிர் வேலைக்குத் திரும்பிவிட்டான். முதலில் ஆபீசில் உட்காரும் வேலை கொடுத்தார்கள், பிறகு மெஷினுக்கே போய்விட்டான். போன மாதம் அவனிடமிருந்து ஒரு போன்.

"மேடம், எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். எங்க எச்.ஆர்.கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசணும்."

"என்னப்பா, லீவு பிரச்சினையா?"

"இல்லீங்க. என் ஐ.டி. கார்டுல ரத்த குரூப்பு பி பாசிட்டிவ்னு இருக்குது. இப்ப டெஸ்ட் பண்ணா ஓ பாசிட்டிவ்னு வருது. அத்தாவோடது. மாத்திக் குடுங்கன்னு கேட்டா, பொறந்த குரூப்பு எப்பிடிய்யா மாறும், எங்களையே ஏமாத்தறியான்னு சிரிக்கிறாங்க."

மஜ்ஜை மாறினால் ரத்தமும் கொடுத்தவருடைய ரத்தமாகத்தான் ஊறும் என்று அந்த எச்.ஆர். அதிகாரிக்கு நான் போனில் விளக்கினேன். அவர் என் பேச்சையும் நம்பவில்லை. மருத்துவரிடமிருந்து சான்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் புதுக் கார்டு அடித்தார்கள். ஜாகிர் அதை அத்தாவிடம் காட்ட கெலமங்கலம் போன ஞாயிற்றுக்கிழமை, ரெஹானா அங்கிருந்து என்னை வீடியோவில் கூப்பிட்டாள். காசிம் பாய் கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, தூரத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இவனுக்குக் கோவம் வந்தா யாரும் இவனைத் திட்டாதீங்க. அது என்னுது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ரெஹானா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தீங்களா மேடம்? அவனுக்கு மூஞ்சி எங்கம்மாது, ரத்தம் அத்தாது. எனக்கு மூஞ்சி அத்தாது, ரத்தம் அம்மாது. பங்கு சரியாப் போச்சு."